அங்கீகாரம் இல்லாத ஆறு

திரும்பிய பக்கமெல்லாம் ஆறு ஓடுகிற நாடு ஒன்று இருந்தது; அதற்குப் புனல்நாடு என்று பெயர். மழைக்காலம் பிறந்தால் ஆறுகள் கரையை மறந்து, உறவினர் போல ஊருக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஆகையால் அந்நாட்டில் எழுத்தும் கணக்கும் பள்ளியோடு முடிந்துவிடும். உயர்கல்வி என்றால் நீச்சல்தான்.

பட்டமளிப்பு விழாவும் அதற்கேற்றபடியே நடந்து வந்தது. மாணவர்கள் இக்கரையில் இறங்குவார்கள்; அக்கரையில் பட்டம் வாங்குவார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி இருந்தது. பட்டம் மெய்யா பொய்யா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்படிப்பட்ட நாட்டின் உயர்நீச்சல் ஆணையத்துக்குத் தலைவராகத் தில்லைக்கரசி நியமிக்கப்பட்டார். துறைமேட்டுப் படித்துறையில் ஓடக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் நீச்சல் கற்பித்தவர் அவர். நியமன உத்தரவைப் படித்ததும் உடுத்திய சேலையோடு ஆற்றில் குதித்து, ஒரு சுற்று நீந்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். சந்தோஷம் வந்தால் அவருக்கு நிலத்தில் கால் பாவாது.

“பவளம்! இனிமே ஆத்தோரத்துப் பிள்ளைங்க மட்டுமில்ல, ஆத்துக்குத் தள்ளியிருக்கிற ஊர்ப் பிள்ளைங்களும் நீந்தப் போகுது பாரு! ஊருக்கு ஒரு கல்லூரி. கல்லூரிக்கு ஒரு தொட்டி!”

“மொதல்ல தலையத் துவட்டும்மா,” என்றாள் மகள் பவளக்கொடி. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கற்பித்த அம்மாவுக்கு மகளைத் தண்ணீரில் இறக்க நேரம் வாய்த்ததில்லை; அவ்வாண்டுதான் அவள் கல்லூரியில் சேர இருந்தாள்.

ஆணையத்தின் முதல் கூட்டத்திலேயே தொட்டித் திட்டம் நிறைவேறியது. கல்வி அமைச்சர் பேரின்பநாதர் மேசையைத் தட்டி வரவேற்றார். விதிகளை எழுதும் பொறுப்பு, எழுதியே தலை நரைத்த செயலர் கோமதிநாயகத்திடம் போயிற்று. தொட்டியின் நீளம், அகலம், ஓட்டின் நிறம், படிகளின் வழவழப்பு, அமைச்சர் வந்தால் அமரும் மேடை என்று ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. நாடெங்கும் கல்லூரிகள் முளைத்தன. அதுவரை செங்கல் சூளை வைத்திருந்த வைரமுடி என்பவர், தம் செங்கல் விற்பனைக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று கண்டு, வரிசையாகக் கல்லூரிகளைக் கட்டி, ஒரே ஆண்டில் ‘கல்வித் தந்தை’ ஆனார். பவளக்கொடியும் அவருடைய கல்லூரி ஒன்றில்தான் சேர்ந்தாள்.

ஒருநாள் வழியில் தென்பட்ட புதுக் கல்லூரிக்குள் தில்லைக்கரசி ஆசையோடு எட்டிப் பார்த்தார். தொட்டி பளபளவென்று இருந்தது. உள்ளே மேசை போட்டு மாணவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டமும் நடையுமாகச் செயலரிடம் வந்தார்.

“தொட்டியில தண்ணியே இல்லையே, கோமதிநாயகம்!”

“விதியில் தண்ணீர் என்ற சொல்லே இல்லையே, அம்மா.”

“தொட்டின்னா தண்ணி இருக்காதா?”

“இருக்கும்னு நினைச்சது உங்க பெருந்தன்மை. விதிக்குப் பெருந்தன்மை கிடையாது.”

தில்லைக்கரசி சோர்ந்துவிடவில்லை. அன்றே திருத்தம் கொண்டுவந்தார்: தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும். உறுப்பினர்கள் ஒருமனதாக ஏற்றார்கள். தெளிவு கருதி ‘ஆய்வு நாளன்று’ என்பதை மட்டும் முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சேர்க்கை என்ன செய்யும் என்று யோசிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. ஆய்வுப் பயணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

பயணத்தின் முதல் கல்லூரியில் தொட்டி நிறையத் தண்ணீர் ததும்பியது. நடுவே ஓர் ஆமை தலையை நீட்டிற்று; அதன் ஓட்டில் ஓர் ஓரம் உடைந்திருந்தது. தில்லைக்கரசி மகிழ்ந்து உயர்ந்த தரம் வழங்கினார். அடுத்த ஊர்க் கல்லூரியிலும் தண்ணீர். அங்கும் ஓர் ஆமை. அதற்கும் ஓட்டில் ஓரம் உடைந்திருந்தது. மூன்றாவது கல்லூரியில் ஆமை அவரைக் கண்டதும், பழகிய முகத்தைப் பார்த்ததுபோல் நேராக நீந்தி வந்து, படியருகே நின்று கழுத்தை உயர்த்தியது. மதிலுக்கு வெளியே, குழாய் சுருட்டப்படாத தண்ணீர் வண்டிகள் அடுத்த ஊரை நோக்கி முகம் திருப்பி நின்றிருந்தன.

“இந்த ஆமைய நான் எங்கயோ பாத்திருக்கேனே, வைரமுடி?”

கல்வித் தந்தை கைகட்டிப் பணிவோடு சொன்னார்: “பாத்திருப்பீங்கம்மா. நம்ம எல்லாக் கல்லூரியிலயும் படிச்ச ஒரே ஆள் அதுதான்.”

ஆணையத்தில் தில்லைக்கரசி இதைச் சொன்னபோது அமைச்சர் பேரின்பநாதரின் முகம் மலர்ந்தது.

“ஒரே தண்ணீர் எல்லாக் கல்லூரிகளிலும் தரம் குறையாமல் இருந்ததென்றால், அது சமவாய்ப்பு அல்லவா, தலைவர் அம்மா? வளப் பகிர்வு என்ற தலைப்பில் இதை அரசரிடம் தெரிவிக்கிறேன்.”

“ஐயா, பிள்ளைங்க அதுல இறங்கவே இல்லையே!”

“இறங்கினால் தண்ணீர் கலங்கும். அடுத்த கல்லூரிக்குக் கலங்கிய தண்ணீரையா அனுப்புவது?”

அதன்பின் ஆணைகள் தில்லைக்கரசியின் பேச்சை மீறியே பிறந்தன. நீச்சலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதாதவர் நீச்சல் கற்பிக்கக் கூடாது என்று ஓர் ஆணை வந்தது. படித்துறை ஆசான்கள் கூட்டத்தோடு வீட்டுக்குப் போனார்கள். கட்டுரை எழுதியவர்கள் வந்தார்கள்; அவர்களுக்குச் சளிப்பிடிக்கும் என்பதால் ஈரமற்ற நீச்சல் அறிமுகமாயிற்று. மாணவர்கள் விசிப்பலகையில் குப்புறப் படுத்துக் கைகால் வீசினார்கள். பலகைக்குத் தனிக் கட்டணம். கட்டணம் கட்டுவதற்காகப் பெற்றோர் இருந்த ஓடங்களை விற்றார்கள். பிள்ளை நீந்தப் படித்துவிட்டால் ஓடம் எதற்கு என்று அவர்களும் தேற்றிக்கொண்டார்கள்.

தில்லைக்கரசி ஒவ்வோர் ஆணையையும் எதிர்த்து வாக்களித்தார். அவருடையது எப்போதும் ஒற்றை வாக்கு.

பட்டமளிப்பு விழா நெருங்கியது. அங்கியைத் தைத்து வாங்கிவந்த பவளக்கொடி, அதைப் போட்டுப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன கண்ணு, அளவு சரியில்லையா?”

“அளவெல்லாம் சரிதான். நான் முதல் வகுப்பும்மா.” அவள் அங்கியைத் தள்ளி வைத்தாள். “ஆனா தண்ணில நான் காலே வச்சதில்ல. யாருமே வச்சதில்ல. அன்னிக்கு இறங்கினா என்னம்மா ஆகும்?”

“ஏன்டி இத்தனை நாளா சொல்லல?”

“நீ கையெழுத்துப் போட்ட கல்லூரிம்மா அது!”

தில்லைக்கரசி அப்போதே அமைச்சரிடம் ஓடினார். விழாவை நிறுத்தினால் நாட்டின் பெருமை கெடும் என்று அமைச்சர் மறுத்துவிட்டார். அப்படியே விட்டால் பட்டதாரிகள் அத்தனை பேரும் ஆற்றோடு போவார்கள். வீடு திரும்பிப் பழைய விழா விதியை வரிவரியாக நினைவுபடுத்திப் பார்த்தார். திடீரென்று துள்ளி எழுந்தார்.

“பவளம்! ஊர்வலத்துல யாரு முன்னால போறது?”

“நீயும் ஆணைய உறுப்பினர்களும்.”

“அதேதான்! போட்டுக்கோ அங்கிய!”

விழா நாளில் ஆறு இரு கரையும் நிறைந்து சுழித்து ஓடியது. மேளம் முழங்கியது. தில்லைக்கரசி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, கரையை நோக்கித் திரும்பினார்.

“வாங்க ஐயா! விதிப்படி உறுப்பினர்கள் முன்னால, மாணவர்கள் பின்னால. நாம இறங்காம அவங்க இறங்க முடியாது. வைரமுடி, நீங்களும் வாங்க. தந்தை இல்லாம பிள்ளைங்க எப்படி வரும்?”

கல்வித் தந்தை ஆற்றைப் பார்த்தார்; பிறகு தம் செருப்பைப் பார்த்தார். மேளம் தானாக நின்றது. பேரின்பநாதர் கலங்கிய விழிகளோடு செயலரைத் திரும்பிப் பார்த்தார். கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார்.

“ஒரு சட்டப் பிரச்சினை, ஐயா. இந்த ஆறு ஆணையத்திடம் அங்கீகாரம் பெற்றிருக்கிறதா?”

“இல்லையே!”

“விண்ணப்பித்திருக்கிறதா?”

“அதுவும் இல்லை.”

“ஓடு பதிக்கவில்லை, படிகள் அளவில் இல்லை, மேடை இல்லை. அங்கீகாரம் இல்லாத ஓர் அமைப்பு நம் மாணவர்களின் தகுதியை எப்படிச் சோதிக்க முடியும்?”

மணலிலேயே கூட்டம் கூடியது. ஆறு தகுதியற்றது என்று தீர்மானம் நிறைவேறிற்று. அதில் எவரும் நீந்துவதும், நீந்தக் கற்பதும், அப்படிக் கற்றதைப் பயன்படுத்துவதும் செல்லாது என்று ஆணை பிறந்தது. பட்டங்கள் மணலில் வைத்தே வழங்கப்பட்டன. அங்கீகாரமற்ற அமைப்புக்குள் முழங்கால்வரை நுழைந்த குற்றத்துக்காகத் தில்லைக்கரசி அங்கேயே பதவி நீக்கம் செய்யப்பட்டார்.

மாணவர்கள் அனைவரும் உயிரோடு கரையில் நின்றார்கள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கூட்டம் கலைந்ததும் மகளிடம் கையை நீட்டினார்.

“வா, இறங்கு.”

“அம்மா, இது செல்லாதும்மா!”

“செல்லாட்டிப் போகுது. மிதக்குதா பாப்போம்!”

அன்று பவளக்கொடி தண்ணீரைக் குடித்தாள், இருமினாள், அலறினாள். கடைசியில் கண நேரம் மிதந்தாள். மிதந்த கணத்தில் அவள் போட்ட கூச்சல் அக்கரைக்குக் கேட்டது. மறுநாள் அவளுடைய தோழிகள் வந்தார்கள். பிறகு தோழிகளின் தம்பிகள் வந்தார்கள். வீட்டுக்குப் போன ஆசான்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பட்டம் வாங்கிய பிள்ளைகள் பட்டத்தைக் கரையில் கல்லுக்கடியில் வைத்துவிட்டு ஆற்றில் குதித்தார்கள். அபராதம் போட வந்த காவலர்களில் இளையவர் இருவர், தொப்பியைக் கழற்றிவிட்டு அவர்களும் இறங்கினார்கள். துறைமேடு திருவிழாக் கோலம் பூண்டது. பதவியில் இருந்த நாளெல்லாம் கிடைக்காத உற்சாகம் தில்லைக்கரசிக்கு இப்போது கிடைத்தது. அவர் குரல் கட்டிப்போகும்வரை கத்தினார்.

மழைக்காலம் பிறந்தது. அங்கீகாரம் இல்லாத ஆறு, அனுமதி பெறாமல் தலைநகருக்குள் நுழைந்தது. ஆணையம் கூட்டம் போட்டு அதற்கு விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தபோதே தண்ணீர் மேசைக்கு மேல் ஏறியது. ஊரில் ஓடம் ஒன்றுகூட இல்லை. வைரமுடி தம் கல்லூரிக் கூரையில் ஏறி நின்று கத்தினார். துறைமேட்டுப் பிள்ளைகள் தெருத்தெருவாக நீந்தி, கூரையில் இருந்தவர்களையும் மரத்தில் தொங்கியவர்களையும் கரைசேர்த்தார்கள். ஓட்டோரம் உடைந்த ஆமையும், எந்த வண்டியையும் எதிர்பார்க்காமல், அவர்களோடு நீந்திப் போயிற்று.

அமைச்சர் பேரின்பநாதர் சுழலில் அகப்பட்டு இரண்டு முறை மூழ்கினார். பவளக்கொடி அவருடைய தலைமுடியைப் பற்றி இழுத்துவந்து மேட்டில் போட்டாள். தில்லைக்கரசி அவர் முதுகைத் தட்டித் தண்ணீரை வெளியேற்றினார். மூச்சு வந்ததும் அமைச்சர் அந்தப் பெண்ணை நன்றியோடு பார்த்தார்.

“நல்லா நீந்துறியேம்மா! எந்தக் கல்லூரி?”

“பட்டம் அவரு கல்லூரியிலங்கய்யா,” என்று அவள் தூரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த வைரமுடியைக் காட்டினாள். “நீச்சல் ஆத்துலங்கய்யா.”

அமைச்சரின் முகம் வெளிறியது. பக்கத்தில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த கோமதிநாயகத்தின் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

“இது செல்லுமா?”

செயலர் கண்ணை மூடி விதிகளை மனத்துக்குள் புரட்டினார். பிறகு, வருத்தம் தோய்ந்த குரலில் சொன்னார்:

“செல்லாது, ஐயா. சட்டப்படி தாங்கள் இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறீர்கள்.”

அந்த ஆணையை நீக்கினால் அரசு தவறு செய்ததாக ஆகிவிடும் என்பதால், அது நீக்கப்படவில்லை. பேரின்பநாதரும் பதவி விலகவில்லை. இன்றைக்கும் புனல்நாட்டில் உயர்கல்வியைக் கவனிப்பவர்கள் எல்லாரும் சட்டப்படி மூழ்கியவர்கள்தாம். கோப்புகள் மட்டும் நனையாமல் அவர்களிடம் போய், கையெழுத்தாகித் திரும்பி வருகின்றன.