ஏழு தடவை ஏறியவர்

சிவனொளிபாதமலைப் பாதையில் அட்டையைவிட விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. அதற்கு ‘மலை தெரிஞ்ச மனுஷர்’ என்று பெயர். கூட்டத்துக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். கையில் தடி, கழுத்தில் மப்ளர், வாயில் ஓயாத புத்திமதி. “நான் ஏழு தடவை ஏறினவன்” என்று சொல்லாமல் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார். இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் அடியேனும் அந்த இனந்தான், ஐயா.

ஐம்பத்தாறாம் வருஷம் மாசியில் என் மனைவி நாகலெட்சுமி தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் தம்பி வீரய்யாவும், எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் வேலாயியும் சேர்ந்துகொண்டார்கள். விடிந்ததும் மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் நடையைத் தொடங்கினோம். நான் வாயைத் தொடங்கினேன்.

எந்தக் காலை முதலில் வைப்பது, எங்கே தண்ணீர் குடிக்கக்கூடாது, மூச்சை எப்படி இழுப்பது என்று காலையில் பெரட்டுக்களத்தில் தொழிலாளரை வேலைக்கு ஆள் பிரிக்கிற தோரணையில் அடுக்கினேன். வீரய்யா களைத்துப்போய் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். இந்த மலையில் அதைக் கேட்கக்கூடாது, கேட்டால் தூரம் கூடிவிடும் என்று அதட்டினேன். உச்சியில் ஒரு மணி இருக்கிறது, எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும் என்றேன். அது ஊரறிந்த வழக்கம். அதோடு விட்டேனா? பொய்யாக அடித்தவனுக்குக் கால் விளங்காமல் போகும் என்று ஒரு சரக்கை நானே சேர்த்துவிட்டேன்.

பாதி மலையில் ஒரு டீக்கடை. என்னைக் கண்டதும் கடைக்காரர் சிரித்துக்கொண்டே மூலையிலிருந்த பெஞ்சைத் துடைத்துப் போட்டார். நாகலெட்சுமி பெஞ்சைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

உங்களிடம் மறைப்பானேன்? ஏழு வருஷமும் என் மலை அந்தப் பெஞ்சோடு முடிந்தது. முழங்கால் மக்கர் பண்ணும். கூட வந்தவர்கள் இறங்கும் வரை ரொட்டி தின்றுகொண்டிருப்பேன், அவர்கள் தந்த விபூதியோடு வீடு திரும்புவேன். வாசலில் நாகலெட்சுமி மஞ்சள் தண்ணீர் ஊற்றி என் காலைக் கழுவி, அந்தத் தண்ணீரைத் தன் தலையிலும் தெளித்துக்கொள்வாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைக்கு மேலே ஒரு படிகூட எனக்குத் தெரியாது. இனிப் பேசாமல் ஏறுவதுதான் பக்தி என்று அறிவித்துவிட்டு, வேலாயிக்குப் பின்னால் நடந்தேன். பாதி தூரம் தவழ்ந்தேன் என்பதே சரி.

உச்சியில் பாறையில் பதிந்த சிவன் பாதத்தைக் கும்பிட்டு மணிக்கு வந்தோம். நாகலெட்சுமி ஒன்று அடித்தாள். வீரய்யா ஒன்று. வழியெல்லாம் வாய் திறக்காத வேலாயி பதினொன்று அடித்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவந்த ஏழோடு இதையும் சேர்த்து எட்டு அடிக்க வேண்டும். நான் கயிற்றைப் பிடித்தேன். நானே கட்டிய கதைக்கு நானே பயந்தேன் என்றால் நம்புவீர்களா?

ஒன்று அடித்தேன். கயிற்றை விட்டேன்.

“எட்டுல்ல, மச்சான்?” என்றான் வீரய்யா. நான் மப்ளரைச் சரிசெய்தேன்.

நாகலெட்சுமி நிதானமாகக் கேட்டாள்: “அப்ப ஏழு வருசமா நான் கழுவுனது டீக்கடைக்குப் போன காலையாங்க?”

இறங்கும்போது அவள் வேலாயியோடு முன்னால் போனாள், திரும்பியே பார்க்கவில்லை. முழங்கால் தாங்காமல், இன்னும் எவ்வளவு தூரம் என்று வேலாயியிடம் கேட்டுவிட்டேன். “அதக் கேக்கக் கூடாதுங்க, ஐயா” என்றாள் அவள், மரியாதையாகத்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் நீங்கள் ஏறியதாக ஒரு மலை பேச்சில் இருக்கும். மனைவியை அங்கே கூட்டிக்கொண்டு போகுமுன், உச்சியில் மணி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.