மேசையில் ஐந்து பேரிக்காய்

மேசையில் ஐந்து பேரிக்காய் இருந்திருக்க வேண்டும். நாலுதான் இருந்தன. க்ளோத்தில்த் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, விரல் நீட்டி மறுபடி எண்ணினாள். நாலேதான்.

பிரான்சின் ஒன்ஃப்ளர் துறைமுகத்தைப் பார்த்த அவள் வீட்டு மாடி அறையில் வாடகைக்குக் குடியிருந்த ஓவியன் லெயோன்ஸ், கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தான்.

"மதாம், இந்த மேசையில ஒரு ரொட்டித் துணுக்கு நகர்ந்தாலும் என் படம் போச்சு. பாரீஸ் கண்காட்சியில இது ஏறலைன்னா, எங்கப்பா என்னைக் கயித்துக்கடையில உட்கார வச்சிடுவாரு."

ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு கானாங்கெளுத்தி மீன், ஆப்பிள் மது ஜாடி, பேரிக்காய். எல்லாம் அவளே ஆசையாக எடுத்துக் கொடுத்தவை. படம் வரையும் சட்டம் மட்டும் மூலையில் துணி போர்த்தி நின்றது. படம் முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாதாம்.

க்ளோத்தில்த் நேராகப் புருஷனிடம் போனாள். "பேரிக்காயை எதுக்குத் தின்னீங்க?"

"பேரிக்காயா? எனக்குப் பல்லே மூணுதான் இருக்கு. அதுலயும் ஒண்ணு ஆடுது" என்றார் காஸ்பார்.

அவள் சந்தைக்கு ஓடி ஒரு பேரிக்காய் வாங்கி வந்தாள். மற்றதெல்லாம் மஞ்சள், இது பச்சை. அடுப்போரம் வைத்துப் பழுக்கப் பார்த்தாள். ஒரு பக்கம் கருகிவிட்டது. கருகிய பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

மறுநாள் அந்தக் கருகிய காயையும் காணோம். ரொட்டியில் பாதி இல்லை. மீன் மட்டும் தொட்டது தொட்டபடி கிடந்து, வாசற்படி வரை நாறியது.

"பூனைதான்" என்று முடிவுகட்டி, பூனையை விறகுக் கொட்டகையில் அடைத்தாள். நீள ரொட்டி தீர்ந்துபோயிருந்ததால் உருண்டை ரொட்டி வாங்கினாள். அழுகிய மீனை எறிந்துவிட்டுப் புதிது ஒன்று வாங்கினாள். பச்சையாக வைத்தால் இதுவும் கெட்டுவிடுமே என்று வெண்ணெயில் பொரித்து வைத்தாள்.

மாலையில் லெயோன்ஸ் வந்தான். மேசையையே வெகுநேரம் பார்த்தான்.

"மதாம், இந்த மீன் காலையில நீல நிறமா இருந்துச்சே?"

க்ளோத்தில்த் சட்டென்று சன்னலைக் காட்டினாள். "வெளிச்சம் தம்பி. சாயங்கால வெளிச்சத்துல எல்லாம் கொஞ்சம் பொன்னிறமாத் தெரியும்."

"அப்படியா?" அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். "ரொட்டி கூட உருண்டையாத் தெரியுதே."

"அதுவும் வெளிச்சம்தான்."

வெள்ளிக்கிழமை மீனின் முள் மட்டும் மிச்சமிருந்தது. பூனை கொட்டகையில்தான் கத்திக்கொண்டிருந்தது. ஜாடியும் காலி. பூனை மது குடிக்குமா? புருஷனை முகர்ந்து பார்த்தாள். புகையிலை நாற்றம் மட்டும்தான்.

"என்னடி, கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழிச்சு இப்ப வந்து மோந்து பார்க்கிற?"

சந்தேகம் தீராமல் அவரைத் தன் தங்கை வீட்டுக்கு விரட்டினாள். அன்று கடல் கொந்தளிப்பு. ஒரு படகும் போகவில்லை, மீன் கிடைக்கவில்லை. வேறு வழியின்றி சனிக்கிழமை ஒரு கோழியை வறுத்து, மீன் இருந்த தட்டில் அதே திசையில் படுக்க வைத்தாள்.

லெயோன்ஸ் அதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"வெளிச்சம்..." என்றாள்.

"ஆமாம் மதாம்" என்று பெருமூச்சு விட்டான். "இந்த ஊர் வெளிச்சத்தை நம்பவே முடியலை. முதல்லேருந்து வரையணும் போலிருக்கு. மேசை இன்னும் ஒரு வாரம் இப்படியே இருக்கட்டும்."

முதலிலிருந்தா! ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டோமே என்று அவள் இரவெல்லாம் புரண்டாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால் கோழியின் எலும்புகூடச் சுத்தமாக இருந்தது. வீட்டில் பேய் புகுந்துவிட்டதா, தனக்கே புத்தி பேதலித்துவிட்டதா? தூக்கத்தில் எழுந்துபோய் நானே தின்கிறேனோ என்றுகூடத் தோன்றியது.

திங்கள் காலை எல்லாவற்றையும் அவனிடம் சொல்லி, அழுது, மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். அவனோ கடற்கரைக்குப் போயிருந்தான். அப்போது விறகு இறக்க வந்த வண்டிக்காரன் பர்னபே, அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவளைப் பார்த்தான்.

"என்னக்கா, யாராவது செத்துட்டாங்களா?"

"என் கை பட்டு அந்தப் பிள்ளையோட படம் பாழாப்போச்சு பர்னபே. அது இனி எப்ப முடியும், எப்பப் பாரீசுக்குப் போகும்?"

பர்னபே விறகுக் கட்டைத் தரையில் வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"அந்தப் படமா? அது போன செவ்வாய்க்கிழமையே முடிஞ்சு என் வண்டியிலதான் ரயிலுக்குப் போச்சு. 'ஏன் தம்பி இன்னும் மேசையைக் கலைக்கலை'ன்னு நேத்துக் கேட்டேன், 'தின்னத் தின்ன முளைக்குதே, எப்படிக் கலைக்கிறது'ங்கிறாரு!"