முதுகை அளக்காமல் வாங்கிய பை

எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம். விஷயம் தெரிவதற்கு முன்பே அது வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். (இன்றைக்கும் அப்படித்தான். இனிமேல் திருந்தி என்ன ஆகப்போகிறது?)

செல்வியை எனக்குக் கட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று அவள் அப்பா யோசித்துக்கொண்டிருந்த சமயம். நானும் செல்வியும் போர்ட் பிளேரில் ஒரே ஆபீஸ். அவள் அப்பா கப்பலில் வேலை பார்த்து ரிட்டயராகி, அந்தமானின் வடகோடியில் டிக்லிபூரில் இருந்தார். அந்தமானிலேயே உயரமான சேடல் பீக் மலையை வருஷா வருஷம் ஏறுகிறவர். "மலைக்குக் கூட வரட்டும், ஆளைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

மலை என்றதும் எனக்குப் பைதான் ஞாபகம் வந்தது. உட்கார்ந்து வீடியோக்களாகப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை முதுகை அளந்து, அதற்குத் தக்க சைஸ் வாங்கு என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். இவ்வளவு உயரமான ஆளுக்கு முதுகைத் தனியாக வேறு அளப்பார்களா என்று அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். லீவில் மெயின்லேண்டு போயிருந்த ஆபீஸ் நண்பன் பாஸ்கருக்கு ஃபோன் போட்டு, இருப்பதிலேயே பெரிய சைஸ் வாங்கி வரச் சொன்னேன். என் உயரம் முழுவதும் காலில்தான் இருக்கிறது, முதுகு ரொம்பக் குட்டை என்பது அப்போது எனக்குத் தெரியாது. (சட்டை எடுக்கும்போதெல்லாம் அம்மா சொல்லியிருக்கிறாள். யார் கேட்டது?)

பாஸ்கர் பையைக் காலியாகக் கொண்டுவரவில்லை. மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பலில் காலிப் பையோடு ஏறுகிறவர் எங்கள் தீவில் கிடையாது. உள்ளே முழுக்கச் சின்ன வெங்காயம். "காளிப்பூர்ல எங்க அக்கா வீடு. மலைக்கு அந்த வழியாத்தானே போறே? அப்படியே குடுத்துடு பாயி, ஜாஸ்தி வெயிட் நஹி" என்றான். நமக்காகச் சாமான் சுமந்து வந்தவன் கேட்டால் மறுக்க முடியாது. அதுவும் இங்கே எழுதாத சட்டம்.

போர்ட் பிளேர் டாலிகஞ்சில் என் வீட்டில் பையை மாட்டிப் பார்த்தேன். இடுப்புப் பட்டை இடுப்பைத் தாண்டி இறங்கித் தொடையில் வந்து நின்றது. மாற்ற வேண்டுமென்றால் பை திரும்பவும் கப்பலேற வேண்டும். தோள்பட்டைகளை இழுத்தேன், மார்புப் பட்டையை இறுக்கினேன், வெங்காயத்தை மேலும் கீழுமாக மாற்றி அடுக்கினேன். கடைசியில் பை அசையாமல் நின்றது. நானும் அசைய முடியாமல் நின்றேன். ஃபிட்டிங் பிரமாதம் என்று முடிவு செய்தேன்.

டிக்லிபூரில் செல்வி வாசலிலேயே தடுத்து, வெங்காயத்தை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். "லோடு எடுத்தா ஃபிட்டிங் போயிடும்" என்றேன். அவள் அப்பா கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

காளிப்பூர் தாண்டியபோது அக்கா வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. (ஃபிட்டிங்!) கடற்கரை மணலில் எப்படியோ சமாளித்தேன். ஏற்றம் தொடங்கியதும் தொடையில் கிடந்த பட்டை காலைத் தூக்கவே விடவில்லை. சந்தையில் காலைக் கட்டிப் போட்ட கோழி மாதிரி தத்தித் தத்தி ஏறினேன். அந்த நிலையிலும், வெயிட் பூராவும் இடுப்பில்தான் இறங்க வேண்டும் என்று செல்வியின் அப்பாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டு போனேன்.

பாதையின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. அவர் தாண்டினார், செல்வி தாண்டினாள். நான் காலைத் தூக்கினேன், பட்டை பிடித்தது, பையோடு மல்லாக்க விழுந்தேன். ஜிப் பிளந்தது. சின்ன வெங்காயம் அத்தனையும் சரிவில் உருண்டோடியது.

அதுவரை வாய் திறக்காத மனுஷன் அப்போதுதான் பேசினார். "மெயின்லேண்டு வெங்காயமா?"

"ஆமா அங்கிள்" என்றேன், வானத்தைப் பார்த்தபடி.

உடனே பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பொறுக்க ஆரம்பித்தார். செல்வியும் பொறுக்கினாள். பின்னால் வந்த டூரிஸ்டுகளும் குனிந்தார்கள். என்னைத்தான் யாரும் தூக்கவில்லை. கல்யாணம் போச்சு என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். உண்மையிலேயே அழுகை வந்தது.

எல்லாவற்றையும் பொறுக்கி முடித்தபின் அவர் என் பட்டையைக் கழற்றிவிட்டார். பையின் கிழிந்த வாயைத் துண்டால் கட்டி, அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். என் தோள் உயரம்தான் இருப்பார், ஆனால் முதுகு நீளம். இடுப்புப் பட்டை அவர் இடுப்பெலும்பில் அளந்து தைத்தது போல் உட்கார்ந்தது. அங்கேயே நாலு எட்டு நடந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மேலே ஏறாமல் அப்படியே திரும்பினோம். போகிற வழியில் வெங்காயத்தைப் பாஸ்கரின் அக்காவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அவர் செல்வியிடம் சொன்னார்:

"மலை ஏறத் தெரியல. ஆனா எவன் வீட்டு வெங்காயத்தையோ கீழ வைக்காம மலை மேல தூக்கிட்டுப் போறான். உன்னையா பாதியில விட்டுடப் போறான்?"

பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே அங்கிள் வேணாம், மாமான்னு கூப்பிடு" என்றார்.

சேடல் பீக் உச்சியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பை மாமாவிடமே இருக்கிறது. மாப்பிள்ளையிடம் சீர் வாங்கிய ஒரே மாமனார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார். வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொல்ல ஆரம்பித்தால் போதும், என் மகள் போய்த் தையல் டேப்பை எடுத்துவந்து நீட்டுகிறாள். "முதல்ல முதுகை அளந்தீங்களாப்பா?"