தனபாலன் வீட்டுச் சீனத் தாத்தா

பள்ளிக்கூடத்துக் கடிதத்தைத் தனபாலன் மூன்றாம் தரம் வாசித்தபோதும் அதில் அதேதான் இருந்தது. வைதேகியின் வீட்டில் மாண்டரின் பேசப்படுவதாகப் படிவத்தில் எழுதியிருக்கிறீர்கள். இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை ஆசிரியை நேரில் வந்து பார்ப்பார்.

"இந்த வீட்டில ஆர் சீனம் கதைக்கிறது? பிரிட்ஜோ?" என்றாள் மனைவி கமலினி.

அகதி விண்ணப்பம் நிரப்பிய காலத்திலேயே, "இல்லை" என்று எழுதுகிறவனுக்குத்தான் வில்லங்கம் என்று தனபாலன் முடிவு கட்டிவிட்டார். அன்றுமுதல் எந்தப் படிவத்திலும் எல்லாப் பெட்டியிலும் "ஆம்"தான். இது பாதிப் பாடம் மாண்டரினிலேயே நடக்கும் வகுப்புக்கான படிவம்; இருபதே இடங்கள். ஐந்து வயது மகள் வைதேகிக்கு அதில் ஒன்று கிடைத்த செய்தி கிரான்பர்ன் புறநகரில் தெரியாத தமிழரில்லை.

"உண்மையச் சொல்லுங்கோப்பா."

"சொன்னா இடம் போயிடும். பிறகு கோயில்ல எந்த முகத்தோட நிக்கிறது?"

வேலிக்கு மேலால் எட்டி, பக்கத்து வீட்டு லிம்மைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். லிம் ஈப்போ நகரில் தமிழர்களோடு லாரி ஓட்டிய சீனர். தமிழ் தண்ணிபட்ட பாடு. வைதேகியின் வயதொத்த அவருடைய பேரன் ஜேசனுக்குத்தான் ஆங்கிலத்தைத் தவிர ஒன்றும் வராது. தாத்தா சீனத்தில் கூப்பிட்டால் காதைப் பொத்திக்கொள்வான்.

"பயப்படாதலா தம்பி," என்றார் லிம். "நான் உங்க வீட்டுத் தாத்தான்னு சொல்லிடு. பிள்ளைக்கு நான் சொல்லித் தர்றேன். நல்லாப் பேசணும், ஆமா, ரொம்ப நல்லாப் பேசணும்!"

அன்றிலிருந்து லிம் தினமும் வந்தார். முதலில் அவருடைய செருப்பு வந்தது. பிறகு தேநீர்க் கெண்டி. பிறகு ஒரு சீனக் கலண்டர், பிள்ளையார் படத்தின் மேலேயே தொங்கியது.

"பிள்ளையார மறைச்சுப்போட்டு என்னப்பா படிப்பு?" என்று கமலினி கத்தினாள்.

"அவரும் கொஞ்சம் சீனம் படிக்கட்டும், விடு," என்றார் தனபாலன்.

மூன்றாம் கிழமை வைதேகி சோறு கேட்டதும் சீனத்தில், அடம்பிடித்ததும் சீனத்தில். தனபாலன் ஒரு வசனம் பழகிச் சொன்னபோது, "டாடி, யூ ஆர் சோ பேட்," என்று தலையில் கைவைத்தாள்.

சனிக்கிழமை சென் ரீச்சர் வந்தார். வைதேகி நின்று ஒரு பாட்டுப் பாடி, தாத்தாவின் வயதைச் சொல்லி, ரீச்சரின் வயதையும் கேட்டாள். லிம் விழுந்து விழுந்து சிரித்தார். தனபாலனும் தன் ஒற்றை வசனத்தை இறக்கினார். ரீச்சர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறினார்.

"அருமை! இந்த வகுப்பு வீட்டில் மாண்டரின் கேட்காத பிள்ளைகளுக்கானது. வீட்டில் பேசுவதை மறைத்து இடம் பிடிக்கும் பெற்றோர்தான் அதிகம். நீங்கள் நேர்மையாக எழுதியிருந்தீர்கள். வைதேகி சாதாரண வகுப்பிலேயே படிக்கலாம். இந்த இடத்தைக் காத்திருக்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறேன்."

தனபாலன் பாய்ந்து எழுந்தார். "ரீச்சர், நான் எழுதினது பொய். எங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது!"

"என்ன தன்னடக்கம்!" என்று ரீச்சர் அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கமலினி கதிரையில் தொப்பென்று இருந்தாள். லிம் ஆற அமரச் செருப்பை மாட்டி, கலண்டரைக் கழற்றிச் சுருட்டி, கெண்டியைக் கையில் எடுத்தார்.

"வருத்தப்படாதலா தம்பி. இடம் வெளிய போகல. காத்திருக்கிற பட்டியல்ல மொதப் பேரு நம்ம ஜேசன்தான்."