காத்து ஐயா வீட்டு ஜன்னல்

இலங்கையில் கஹவத்தைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காற்று என்று ஒன்று வீசினால், அது முதலில் காத்து ஐயாவிடம் ஆஜர் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கும். நாங்கள் அப்படித்தான் நம்பினோம். அவரும் அப்படித்தான் நம்பினார்.

அவர் தோட்டத்து டீமேக்கர், பெக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிறவர். சொந்தப் பெயர் தோட்டத்தை நடத்தும் துரைக்கே மறந்திருக்கும். பெக்டரி மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். காய்ந்த காற்று அடித்தால் மாடி ஜன்னல்களைத் திறக்க வேண்டும், ஈரக்காற்று என்றால் சாத்த வேண்டும். காத்து ஐயா ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு உயரே நீட்டுவார். கண்ணை மூடுவார். "கெழக்கால தொற, மேக்கால சாத்து" என்பார். கொழுந்து பதமாக வாடிக் கிடக்கும்.

தொல்லை என்னவென்றால், வீட்டிலும் அதே விரல்தான். நான் அப்போது ஆபீஸில் சின்னக் கிளாக்கர். ஒரே கூரையின் கீழ் இரட்டை வீடு; அவருக்கு அடுத்த பாதியில் தனிக்கட்டையாகக் குடியிருந்தேன். நடுவில் வெறும் பலகைச் சுவர். மார்கழிக் குளிரில் அவர் எழுந்து எல்லா ஜன்னலையும் படபடவென்று திறப்பதும், அவர் சம்சாரம், அந்த அம்மாவின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்வதும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். ஜன்னலைச் சாத்தவும் அம்மாவால் முடியாது. தாழ்ப்பாள் உயரத்தில் இருக்கும், அம்மா குள்ளம்.

"நான் என்னங்க, கொழுந்தா? என்னையப் போட்டு இப்பிடி வாட்டுறீங்க?"

"காத்து நல்லாருக்கு புள்ள."

"அப்ப காத்தையே கட்டிக்கிட்டு இருங்க!"

தங்கச்சி கல்யாணம் என்று கடல் தாண்டி இந்தியாவுக்கு, அக்கரைக்குப் போன அம்மா திரும்பவில்லை. தோட்ட வேலைக்கு ஆள் கூட்ட அங்கே போய் வந்த கங்காணி சேதி மட்டும் கொண்டுவந்தார். "அந்த வீட்டுல ஒரு சன்னலாச்சும் எம் பேச்சக் கேக்கட்டும், வர்றேன்னு சொல்லுச்சுங்கய்யா."

அதன் பிறகு ஐயா சாயங்காலமானால் ரசம் கேட்கிற சாக்கில் என் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவார். ரசம் ஆறிப்போகும். "காத்து நல்லாத்தான் வீசுது தம்பி. சொல்றதுக்குத்தான் ஆளில்ல" என்பார்.

அந்த வருஷத்து மழையில் கறையான் அரித்து எங்கள் வீட்டு ஜன்னல்களெல்லாம் கையோடு வந்துவிட்டன. புதிதாகப் போட்டுக்கொடுக்கத் துரை உத்தரவு கொடுத்தார். பலகையா, கண்ணாடியா, அவரவருக்குப் பிடித்ததைச் சொல்லுங்கள் என்று தச்சு வேலை பார்க்கும் சிங்களத்து பாஸ் வந்து நின்றார். நான் நின்ற இடத்திலேயே பலகை என்று சொல்லிவிட்டேன். காத்து ஐயாவோ ஜன்னல் இருந்த இடத்தில் சாக்கைத் தொங்கவிட்டுவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்.

பொண்டாட்டிக்குப் பிடிக்கிற ஜன்னல் எது என்று பொண்டாட்டியைக் கேட்க வழியில்லை. ஊரெல்லாம் கேட்டார். டிஸ்பென்சரி மருந்தய்யா வீட்டுக்குப் போய், அவர் சம்சாரத்திடம், "அம்மா, சன்னலச் சாத்துனா ஒங்களுக்கு மனசு நெறைஞ்சாப்புல இருக்குங்களா?" என்றார். அந்த அம்மா வாயைத் திறக்குமுன் மருந்தய்யா இவர் வாயைத் திறக்கச் சொல்லி, பேதிமருந்து ஊற்றி அனுப்பினார்.

அடுத்து துரை பங்களா. கண்ணாடி ஜன்னல் நன்றாகச் சாத்துகிறதா என்று வெளியே நின்று திறந்து திறந்து மூடிப் பார்த்திருக்கிறார். உள்ளே துரை தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தார். அவர் போட்ட சத்தம் ரப்பர் மலை வரைக்கும் கேட்டது.

"ரொம்ப ஏசினாருங்களா ஐயா?"

"ஏசினாரு தம்பி. ஆனா சன்னல் நல்லாச் சாத்துது."

கடைசியில் பாஸ், ஐயோ ஐயா என்று சிங்களத்தில் கையெடுத்துக் கும்பிட்டார். "அனே மாத்தயா, நமக்கும் வயசு போகுது. ஒண்ணச் சொல்லுங்க!"

"பலாப்பலகை. ஒரு இண்டு இடுக்கு இருக்கப்படாது. பொட்டுக் காத்து வரப்படாது."

காத்து ஐயா வாயிலிருந்தா இது! பாஸ் உளியைக் கீழே போட்டுவிட்டார். பிறகு, தாழ்ப்பாள் எங்கே வைப்பது என்று கேட்டார். பனைமரம் மாதிரி நெடுநெடுவென்று நின்ற ஐயா, தன் விலா எலும்புக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினார்.

"மாத்தயா குனிஞ்சில்ல போடணும்?"

"நான் எதுக்குப் போடுறேன்? எக்கி நிக்காமப் போடணும் அவங்க."

பாஸ் பலகையை எடுத்து இழைக்க ஆரம்பித்தார்.

புது ஜன்னல் ஆயிற்று. சாத்தினார், அத்தோடு சரி. அக்கரைக்குப் புறப்பட்ட கங்காணியிடம், சன்னல் தயார் என்று மட்டும் சொல்லியனுப்பினார். சித்திரைப் புழுக்கத்தில் உள்ளே வெந்தார், வேர்த்துக் கொட்டினார், ஆனால் அந்த ஜன்னலைத் தொடவில்லை. "திறங்களேன் ஐயா" என்றேன். "அது அவ சன்னல் தம்பி. அவ வந்து தொறக்கட்டும்." தேயிலைக்கு நல்ல காற்று வீசிய நாட்களிலும் பெக்டரி வாசலில் நின்று பஸ் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம், ஐயா சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம், அம்மா வந்தே விட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்தான் பின்னால் போனேன். உள்ளே நுழைந்ததும் அம்மாவின் கண் ஜன்னலில் நின்றது. கையை நீட்டினார். எக்காமலே தாழ்ப்பாள் கைக்கு வந்தது. அதைத் தடவிப் பார்த்தார்.

"யாரு சொன்னா இந்த ஒசரம்?"

ஐயா கூரையைப் பார்த்தார்.

"என்னங்க இப்பிடிப் புழுங்குது? அங்கதான் வெந்து செத்தேன்னா இங்கயுமா?" என்று சொல்லி, அம்மா ஜன்னலைத் தள்ளித் திறந்தார்.

குபுகுபுவென்று காற்று வந்தது. ஐயாவின் விரல் தன்னால் நாக்குக்குப் போனது. ஈர விரல் தோள் வரைக்கும் எழும்பியது. அம்மா திரும்பிப் பார்த்தார். ஐயா விரலை மெல்ல இறக்கி, இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"காத்து எப்பிடிங்க இருக்கு?" என்று அம்மாவே கேட்டார்.

"நீயே சொல்லு புள்ள."

பெட்டியை வைத்துவிட்டு என் பாதிக்கு வந்தேன். அங்கே நான் தனி ஆள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதெல்லாம் ஆகி எத்தனையோ காலம். இப்போதும் மாலையானால் என் ஜன்னலில் நல்ல காற்றுதான் வீசுகிறது. சொல்வதற்குத்தான் காத்து ஐயா இல்லை.