ஏரிக்கு வைத்த பொட்டு

நாலு படிப்பை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் பயம். கல்யாண வீட்டில் யாராவது "என்னம்மா வேலை பாக்கற?" என்று கேட்பது. கலை, தொழில்நுட்பம், சூழலியல், எல்லாருக்குமான வடிவமைப்பு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் கை கழுவப் போயிருப்பார். அப்பாவுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. அண்ணனூர் டீக்கடையில் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எம் பொண்ணா? ஏரில பெஞ்சு போட்டுகினு கீது."

உண்மைதான். (என் ஆய்வுச் சுருக்கத்தைக்கூட நான் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.)

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நானும் ஜெபாவும் ஒரே ஆய்வுத் திட்டத்தில் இருந்தோம். நான் சிற்பம் படித்தவள். ஜெபா கணினி படித்தவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. முத்தாபுதுப்பேட்டையில் அவள் வீட்டுக்குப் பின்னால்தான் நாங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஏரி. ஏரியைக் காப்பாற்றச் சொல்லிக் கரையில் வைக்க நான் ஒரு பெரிய பலகை வரைந்து எடுத்துப்போனேன். ஜெபா அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாரும் ஏரியப் பாரு, ஏரியப் பாருன்றீங்க. நான் இன்னாத்தப் பாக்கறது?"

பலகையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் பெஞ்ச்.

ஏரித் தண்ணீரில் கட்டைவிரல் தடிமனில் ஒரு கருவி கிடக்கும். நுனியில் மெல்லிய சவ்வு. நாங்கள் அதை மூக்கு என்போம். தண்ணீரில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்ல, ஜெபா எழுதிய நிரல் அதை அதிர்வாக்கிக் கரையிலிருக்கும் பெஞ்சுக்கு அனுப்பும். ஏரி நன்றாக மூச்சு விட்டால், மடியில் படுத்த பூனைபோல பெஞ்ச் இதமாகக் குர்ரென்னும். மூச்சு முட்டினால் ஆளையே குலுக்கும். கூடவே ஒலிபெருக்கியில் ஒரு திணறல் சத்தமும் வரும். பார்வை இல்லாதவர், காது கேளாதவர், சக்கர நாற்காலியில் வந்து பக்கத்துக் கைப்பிடியைப் பிடிப்பவர் என்று யார் வந்தாலும் ஏரி பேசும்.

அந்தத் திணறல் சத்தம் என் பொறுப்பு. கலைஞர் அல்லவா! சங்கை ஊதிப் பார்த்தேன். குடத்தைத் தண்ணீரில் கவிழ்த்துப் பார்த்தேன். பஞ்சர் கடையில் டியூப்பிலிருந்து காற்றுப் போவதைப் பதிவு செய்தேன். (கடைக்காரர் அதற்குப் பிறகு என்னிடம் பரிதாபமாகவே பேசினார்.) கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணிக்குப் பிறகு, எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அந்தச் சத்தம் கிடைத்தது. எங்கே பிடித்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் 'ஒலிச் சிற்பம்' என்று சொல்லி வைத்தேன்.

திட்டத்தைப் பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் பெஞ்ச் கரையிலேயே இருக்கும். பிடிக்காவிட்டால் பெயர்த்தெடுத்துக் கல்லூரிக் கிடங்கில் போட்டுவிடுவார்கள். எனக்கு அது ஒரு வேலை. ஜெபாவுக்கு அதுதான் ஏரி. "பெஞ்சு போச்சுன்னா எனக்கு மறுபடியும் நாத்தமும் கொசுவும் மட்டும்தான்டி" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழு வரும் நாள் காலையில் நான் கேட்காமலேயே அப்பாவும் அம்மாவும் ஏரிக்கரைக்கு வந்துவிட்டார்கள். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். பொட்டு வைக்காத மிஷினுக்கு ஸ்விட்ச் போடக்கூடாது என்பது அவர் வாழ்க்கையின் சட்டம். கையில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். பெஞ்சுக்கு வைத்தார், மின்பெட்டிக்கு வைத்தார், அளவாக, அழகாக.

"அந்த மூக்குக்கு?" என்றார்.

"அது தண்ணிக்குள்ள கீதுப்பா."

"மெயின் பார்ட்டே அதானே? அத்த உட்டுட்டு பெஞ்சுக்கு வெச்சு இன்னா பிரயோசனம்?"

நான் முதுகலைப் பட்டதாரி. அந்தச் சவ்வை விரலால்கூடத் தொடாதீர்கள் என்று மாணவர்களை விரட்டியவள். ஆனால் பயந்துபோன மனுஷிக்குப் பட்டம் எங்கே ஞாபகம் இருக்கிறது? ஜெபாவின் பெஞ்சுக்கு நல்லது நடக்குமென்றால் அன்று மண்சோறுகூடச் சாப்பிட்டிருப்பேன். படியில் இறங்கி மூக்கை வெளியே எடுத்தேன். நெற்றி எங்கே என்று தேடினேன். நுனிதான் நெற்றி மாதிரி இருந்தது. சின்னதாக வைத்தால் சாமிக்குத் தெரியாதோ என்று, கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைப்பதுபோலச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, மெதுவாகத் தண்ணீரில் இறக்கினேன். மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

குழுவின் தலைவர் வெள்ளைப் பேன்ட்டில் வந்தார். ஜெபாவைக் காட்டி என்னிடம், "இவங்களுக்கு வெயில் ஒத்துக்குமா?" என்றார்.

"ஒத்துக்கும் சார்" என்றாள் ஜெபா.

"நல்லது" என்றார் அவர், என்னிடமே.

கையில் இளநீருடன் பெஞ்சில் உட்கார்ந்தார். மூக்கு முன்பே அனுப்பிய பழைய கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் பெஞ்ச் முதலில் குர்ரென்றது. "அருமை" என்று கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே மூடியிருந்திருக்கலாம்.

முதலில் இளநீர் நடுங்கியது. பிறகு கை நடுங்கியது. பிறகு மனிதரே நடுங்கினார். இளநீர் வெள்ளைப் பேன்ட்டில் கொட்டியது. பிடிமானத்துக்குக் கைப்பிடியைப் பற்றினார்; அதுவும் குலுக்கியது. (யாரையும் விட்டுவைக்காத வடிவமைப்பு என்பது அன்றைக்குத்தான் முழுமையாக நிரூபணமானது.) அப்போது ஒலிபெருக்கி வாயைத் திறந்தது.

"க்ர்ர்ர்ர்ர்... ஹொய்ங்ங்... புஸ்ஸ்ஸ்..."

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "ஐயோ, மீனெல்லாம் செத்து மெதக்கப் போவுது!" என்று எழுந்து ஓடி வந்தார். குழுவில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்தக் களேபரத்துக்கு மேல் அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

"ஏய்! இது எங்க ஊட்டுக்காரரு கொறட்டைடீ!"

கரை முழுவதும் அப்பாவைப் பார்த்தது.

"நானா? நான் எங்க கொறட்டை உட்டேன்?"

"இத்தினி வருசமா பக்கத்துல படுத்துகினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

என் ஒலிச் சிற்பத்தின் கதை அத்தோடு முடிந்தது. ஏரிக்குள் இறங்கி அப்படியே போய்விடலாமா என்று நினைத்தேன். ஜெபா மட்டும் பெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"ஏரி இவ்ளோ சீக்கிரம் சாவாதுடி. மூக்க இன்னாவோ அடச்சிகினு கீது" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "காலைலேர்ந்து உன் கையில இன்னா சந்தன வாசனை?"

ஓடிப்போய் மூக்கை வெளியே இழுத்தேன். நலங்கு கலையாமல் லட்சணமாக இருந்தது. நல்ல தண்ணீர் ஊற்றி ஊற்றி, அப்பாவின் புதுத் துண்டால் ஒற்றி எடுத்து, மறுபடி ஏரியில் இறக்கினேன். குலுக்கல் மெல்ல அடங்கியது. குறட்டை தேய்ந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் பூனை மறுபடி வந்து படுத்துக்கொண்டது.

நனைந்த பேன்ட்டோடு எழுந்திருக்க முடியாமல் தலைவர் அவ்வளவையும் உட்கார்ந்தே அனுபவித்திருந்தார். பிறகு முகத்தை ஜெபாவின் பக்கம் திருப்பினார்.

"இப்ப ஏரி நல்லா இருக்காம்மா?"

"அது எப்பவும் நல்லாத்தான் சார் இருந்துச்சு. இவதான் மூக்கப் பொத்திட்டா."

"நிஜமாவே மூச்சு முட்டினா இப்படித்தான் கத்துமா?"

"நிக்காம கத்தும் சார்."

அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் ஜெபாவிடம்தான். நான் காலி இளநீர்க் காயைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஓரத்தில் நின்றதில்லை. பெஞ்ச் கரையிலேயே இருக்கட்டும் என்றார்கள். சத்தத்தை மாற்றிவிடுகிறேன் என்றேன் நான். "அதை மட்டும் தொடாதீங்க" என்றார் தலைவர்.

இப்போது மின்பெட்டியின் மேல், ஸ்விட்சுக்குப் பக்கத்தில், வட்டமாக ஒரு சின்ன மேடு இருக்கிறது. ஜெபாவின் யோசனை. அப்பா வெள்ளிக்கிழமைதோறும் வந்து அங்கே பொட்டு வைக்கிறார். ஜெபா அதைத் தடவித்தான் ஸ்விட்சைக் கண்டுபிடிக்கிறாள். அவள் விரலில் குங்குமத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த இரண்டு பேரும் எனக்குக் கிடைத்ததை நினைத்து மனசு நிறைந்துபோகும்.

போன கோடையில் ஒரு மதியம் அப்பாவின் போன் அடித்தது. ஜெபா. ஸ்பீக்கரில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா, தூங்கறீங்களா?"

"இல்லம்மா, முழிச்சிகினுதான் கீறேன். ஏன்?"

"அப்ப ஏரிதான்!" என்று வைத்துவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெஞ்சின் குறட்டை கேட்டு அந்தத் தெருவே கரைக்கு ஓடி வந்திருந்தது. கழிவுநீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்த ஒரு லாரியைத் தூண்டில்காரர் முன்னால் நின்று மறித்திருந்தார். குழாயை மூடவைத்தார்கள். ஏரி தப்பித்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவை யாரும் எழுப்புவதில்லை. அம்மா மட்டும் ஜெபாவுக்குப் போன் போட்டு, குறட்டையைக் கேட்கவைத்துச் சொல்லிவிடுவாள்: "பயப்படாத கண்ணு, இது எங்க ஊட்டு ஏரி."