லிஃப்ட்காரனுக்குப் பத்துக்கு நான்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இசை மாத இதழில் பதினான்கு ஆண்டுகளாக ஜாஸ் ஆல்பங்களுக்கு மதிப்பெண் போட்டுவரும் விமர்சகன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் என் ரத்த அழுத்தமும் சௌக்கியம். தாங்களும், அலுவலகத்தாரும், மாதக் கடைசியில் மட்டும் மக்கர் செய்யும் அந்த அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தாங்கள் அனுப்பிய 'இரண்டு மாடிகளுக்கு நடுவில்' ஆல்பம் கிடைத்தது. ஒன்பது பாட்டு, நாற்பத்தொரு நிமிஷம், எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் தானே எழுதி, தானே ராப் பாடி, தானே வெளியிட்ட ஹிப்-ஹாப் கலைஞன், பெயர் லிஃப்ட்காரன், ஜாஸ் கொஞ்சம் தூக்கலாக இருப்பதால் நீங்களே மதிப்பிடுங்கள், முந்நூறு வார்த்தை போதும் என்று எழுதியிருந்தீர்கள். முந்நூறு வார்த்தையில் அடங்குகிற விஷயமா சார் இது. முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த லிஃப்ட்காரன் வேறு யாருமில்லை, என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வேஷமெல்லாம் இல்லை, நிஜமாகவே லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை நான் பியானோ வாசிக்கிறேனே, அந்த ஹோட்டலின் லிஃப்ட்டும் அவன் பராமரிப்புதான். கையில் கிரீஸோடு வருவான், என் வீட்டில் சாப்பிடுவான், ஆல்பம் போடப்போறேன் அத்தான் என்பான், நானும் போடு போடு என்பேன். நிஜமாகவே போட்டுவிடுவான் என்று யார் கண்டது. நானும்தான் பத்தொன்பது வருஷமாக ஒரு ஆல்பம் போடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவன் பதினோரு மாதத்தில் முடித்துவிட்டான். சொந்தக்காரன் என்பதால் தராசு சாயுமோ என்று தாங்கள் கவலைப்பட வேண்டாம். சாயும், ஆனால் அந்தப் பக்கம் இல்லை. பொறாமை என்று வாய்விட்டுச் சொன்னால் என் வயதுக்கு அழகில்லை, இருந்தாலும் தங்களிடம் என்ன ஒளிவுமறைவு, வயிறு எரிகிறது.

என் வழக்கம் தங்களுக்குத் தெரியும். எந்த ஆல்பத்தையும் நின்றுகொண்டு ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை, படுத்துக்கொண்டு ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். நின்றால் தாளம் பிடிபடும், உட்கார்ந்தால் மெட்டு பிடிபடும், படுத்தால் ஆள் பொய் சொல்கிறானா என்று தெரிந்துவிடும். நின்று கேட்டபோது முதல் பாட்டிலேயே என் வலது கால் என்னைக் கேட்காமல் ஆட ஆரம்பித்தது, இடது காலால் அதை மிதித்துக்கொண்டேன். பழைய லிஃப்ட் இறங்கும்போது வருகிற டக் டக் சத்தத்தை அப்படியே பதிவு செய்து அதையே தாளமாக வைத்திருக்கிறான், அதன்மேல் ஒரு டிரம்பெட் தூக்கத்திலிருந்து எழுந்து வருகிற மாதிரி வருகிறது, அது நிமிர்ந்து நிற்பதற்குள் இவன் பேச ஆரம்பித்துவிடுகிறான். ரொம்பத்தான் கெட்டிக்காரத்தனம் என்று அரை மதிப்பெண் குறைத்தேன்.

உட்கார்ந்து கேட்டபோது என் மனைவி உள்ளே வந்தாள். நான் வாசிக்கும்போது அவள் கேட்கிற ஒரே கேள்வி, இன்னும் எவ்வளவு நேரம் என்பதுதான். அப்படிப்பட்டவள், மூன்றாவது பாட்டுக்கு, பாத்திரம் கழுவின ஈரக்கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள் சார். பாட்டு முடிந்ததும் மறுபடி போடுங்க என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பார்த்து மறுபடி என்ற வார்த்தையை அவள் சொன்னதே கிடையாது. குடும்ப அமைதியைக் குலைத்ததற்கு ஒரு மதிப்பெண் போயிற்று. படுத்துக் கேட்டபோது நாலாவது பாட்டு. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாவிடம், கதவுக்கு வெளியே நின்றபடி, பயப்படாமல் இருக்க வேண்டுமே என்று நாற்பது நிமிஷம் எதையாவது பேசிக்கொண்டே இருந்த கதையைச் சொல்கிற பாட்டு. கடைசியில் கதவு திறக்கிறது, அந்தம்மா இவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறாள், அந்த ஆளுயர டபுள் பாஸ் வாத்தியம் மட்டும் அவள் பின்னாடியே நடந்து போகிறது. மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் போய் ஐந்தாவது பாட்டு சரியாகக் கேட்கவில்லை. அதற்கு ஒரு மதிப்பெண்.

இதோடு விட்டதா. மறுநாள் ஹோட்டலுக்குப் போனால், வரவேற்பு மேஜைப் பெண்ணின் செல்போனில் அதே மூன்றாவது பாட்டு அடிக்கிறது. போன் கேட்கலை, மெதுவா வாசிங்க என்று ஒன்பது வருஷமாக என்னை அதட்டுகிறவள் அவள். இந்தப் பாட்டு தெரியுமா சார், வாசிக்கிறீங்களா என்று கேட்டாள். தெரியாது என்று பட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடவில்லை, இசைத்தாளின் பக்கத்தைத் திருப்புவதற்குள் என் விரல்கள் தாமாகவே அதை வாசித்துத் தொலைத்தன. பெட்டியோடு நின்ற ஒரு ஆள், பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஹாலில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் சார், அதுவும் மைத்துனன் மெட்டுக்கு. இன்னொரு அரை மதிப்பெண்ணை அங்கேயே, பியானோ மேலேயே வைத்துக் குறைத்தேன்.

இப்போது ஆறாவது பாட்டுக்கு வருகிறேன், என் நெஞ்சில் முள்ளாக இருப்பது இதுதான். ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த பாட்டே இது. நடுவில் திடீரென்று பேச்சை நிறுத்திவிடுகிறான். டிரம்பெட் இல்லை. டபுள் பாஸ் மேலும் கீழும் நடக்கிறது, டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷால் கூட்டிக்கொண்டிருக்கிறார், இரண்டு நிமிஷம் பத்து விநாடி வேறு ஒன்றுமே கிடையாது. மனிதன் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. காது படைத்தவன் எவனும் சொல்வான், அது ஒரு பியானோ வர வேண்டிய இடம். உலகத்தில் அவனுக்குத் தெரிந்த பியானோக்காரன் ஒரே ஒருவன்தான், அவன் வீட்டில்தான் வாரத்துக்கு நாலு நாள் சாப்பாடு. டிரம்பெட்டுக்கு எங்கிருந்தோ ஆள் பிடித்தான், டபுள் பாஸுக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்தான், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோம்பேறித்தனமான வெற்றிடம் என்று எழுதி, முழுசாக மூன்று மதிப்பெண்ணைக் கழித்தேன்.

ஞாயிறு மதியம் சாப்பிட வந்தான். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில், யாரையோ பற்றி விசாரிப்பதுபோல, ஆறாவது பாட்டுக்குப் பியானோவுக்கு ஆள் யாரும் கிடைக்கலையா என்று கேட்டுவிட்டேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கெடைக்கல அத்தான்" என்றான். அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டான். வாசல் வரை போன என் மனைவியிடம் ஏதோ மெதுவாகச் சொன்னான், அவள் திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் தங்களுக்கு எழுத முடியாது. நாங்கள் எல்லாம் அவன் கண்ணுக்குத் தெரிவோமா சார். ஹோட்டல் ஹாலில் பெட்டி வரும்வரை பொழுதுபோக்க வாசிக்கிறவன்தானே நான்.

ஆகவே என் முடிவான மதிப்பீடு: பத்துக்கு நான்கு. எழுத்து பரவாயில்லை. குரல் இருக்கிறது. ஜாஸ் என்பது இரவல் சட்டை, தோளில் தொங்குகிறது. அப்படியே அச்சில் ஏற்றவும், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். தங்கள் இல்லத்தாருக்கும், பிழை திருத்தும் அம்மையாருக்கும் என் அன்பைச் சொல்லவும். இதழ் வாடாமல் வளரவும், சந்தாதாரர்கள் முகவரி மாறாமல் இருக்கவும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நடுநிலை தவறாத ஜாஸ் விமர்சகன்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது என் மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் வீட்டைக் குடைந்துகொண்டிருந்தாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. விமர்சகர்கள் கலைஞர்களிடமிருந்து நேரில் எதையும் வாங்கிப் படிக்கக்கூடாது என்று தாங்கள்தானே விதி போட்டீர்கள். அந்த விதிக்குக் கட்டுப்பட்டு, யார் எந்த உறையைக் கொடுத்தாலும் பிரிக்காமல் பீரோ மேல் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவிடுவேன். அதில் போன வருஷம் என் மைத்துனன் கொடுத்த உறையும் இருந்திருக்கிறது. விமர்சனத்துக்குச் சிபாரிசு கேட்கிறான் என்று நினைத்து, வாங்கின கையோடு போட்டிருக்கிறேன் சார். "இப்பவாவது பிரிங்க" என்று மனைவி சொன்னாள். உள்ளே ஒரே ஒரு தாள். அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்:

"அத்தான், ஆறாவது பாட்டுல ரெண்டு நிமிஷம் உங்களுக்காக விட்டிருக்கேன். மூணரை மணிக்கு ஹால்ல யாரும் இல்லாதப்ப உங்க சொந்த மெட்டு ஒண்ணு வாசிப்பீங்களே, அதை வாசிங்க. நாலு வருஷமா லிஃப்ட் மேல உக்காந்து கேட்டுட்டிருக்கேன். நேர்ல கேட்டா சிரிச்சிடுவீங்களோன்னு எழுதிக் குடுக்கிறேன். இஷ்டமில்லன்னா பதில் வேண்டாம், அந்த இடம் அப்படியே இருக்கட்டும்."

நான் பதிலே சொல்லவில்லை. அவனும் வேறு ஒருவரையும் கூப்பிடாமல் அந்த இடத்தை அப்படியே விட்டு ஆல்பத்தை வெளியிட்டிருக்கிறான். நான் அதற்கு மூன்று மதிப்பெண் கழித்திருக்கிறேன். மேலே கண்ட எதையும் அச்சில் ஏற்ற வேண்டாம், கிழித்துப் போடவும். வரும் சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு அவன் மேடையில் பாடுகிறான், ஹோட்டலுக்கு லீவு சொல்லிவிட்டு அந்த இரண்டு நிமிஷம் நான் வாசிக்கிறேன். விமர்சனத்துக்குத் தயவுசெய்து வேறு ஆளை அனுப்பவும். யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள் சார், என்னை மாதிரி ஒருத்தனை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.